சும்மா வீட்டில் இருந்த கஸ்தூரிக்கு

என் கண்ணே கஸ்தூரி, இந்த வீட்டுக்கு எனக்குப் பின்னால் வந்து, எனக்கு முன்னால் கிளம்பிப் போனவளே,

வரிசை என்றால் உனக்கு என்றைக்குமே ஆகாது. ரேஷன் கடையில் "அடுப்புல பாலு கீதுக்கா" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய் நிற்பாய். அடுப்பில் ஒருநாளும் பால் இருந்ததில்லை. அது எனக்குத் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் இந்த வரிசையிலும் இப்படி முந்திக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லையடி. மூத்தவள் நான். சர்க்கரை, கொழுப்பு, முட்டிவலி என்று போவதற்கான தகுதி எல்லாம் என்னிடம்தான் இருந்தது. உன்னிடம் இருந்தது ஒரு இருமல் மட்டும்.

இதை நான் உனக்கு எழுதினாலும் ஊரும் படிக்கும். படிக்கட்டும். என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் யார்? புருஷனின் குறட்டையைப் பற்றியும் என் இடுப்புச் சுற்றளவைப் பற்றியும் பத்திரிகைக்குத் துணுக்கு எழுதுகிற வசந்தா. இந்தக் கடிதத்திலும் நடுவில் ஏதாவது சிரிப்பு வந்துவிட்டால் மன்னிக்க வேண்டும். அது விக்கல் மாதிரி, நான் கூப்பிட்டு வருவதில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. புதுவாயல் கூட்ரோட்டில் லாரிகள் இன்னும் அப்படியேதான் நிற்கின்றன. உன் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரர், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டிவிட்டு வந்து, தூக்கத்திலும் ஹாரன் அடிக்கிறார். எதிர்வீட்டு சரோஜா இருக்கிறாளே, உன் காரியத்துக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன், அவள் கட்டியிருந்தது உன்னிடம் இரவல் வாங்கிய புடவை. நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே உருவியிருப்பாய். நான் விட்டுவிட்டேன். உன் புடவையாவது வந்து அழட்டுமே என்று.

இனி உன்னைப் பற்றி. நீ யார் என்று இவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

என் கொழுந்தன் பாஸ்கரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டின் பின்பகுதிக்கு வந்தவள் நீ. ஒரே கூரை, இரண்டு அடுப்பு. உன் மகள் யமுனா பெரிய பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது, செல்போனில் எவளோ ராட்டை சுற்றுவதைப் பார்த்துவிட்டு "இது என்னாலயும் ஆவும்க்கா" என்றாய். பாஸ்கர் பழைய தையல் மிஷின் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து ராட்டையில் பொருத்திக் கொடுத்தார். மில்லில் இருந்து பஞ்சுத் திரி வாங்கி நூற்க ஆரம்பித்தாய். நானும் ஒருநாள் உட்கார்ந்து நூற்றேன். அந்த நூலைப் பார்த்துவிட்டு, "அக்கா, இத்த வெச்சி கெணத்துல தண்ணி சேந்தலாம்" என்றாய். அன்றோடு என் நெசவுப் புரட்சி முடிந்தது.

நூற்ற நூலைச் சிட்டம் போட்டு, அதாவது பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டி, சமையலறைக்குப் பின்னால் இருந்த ஷீட் போட்ட அறையில் சாயம் தோய்ப்பாய். குரோஷா பின்னுகிற பெண்கள் சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் கேட்டு வாங்கினார்கள். பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கிற ஜெய்னப் அக்கா தன் கடையிலேயே உனக்கென்று ஒரு தட்டு ஒதுக்கினார். ஒரு அடுப்பில் குழம்பு, இன்னொரு அடுப்பில் நீலம். உன் மூத்தார் ஒருநாள் ரோஸ்மில்க் என்று நினைத்துச் சாய டம்ளரை வாய்வரை கொண்டுபோனார். நீ கத்திய கத்தலில் டம்ளர் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு நம் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தார்.

நிறங்களுக்குப் பேர் வைப்பது என் வேலை. மாமியார் மஞ்சள், நாத்தனார் பச்சை, கரண்ட் போன கறுப்பு, சிப்காட் சாயங்காலம். "பேருக்காகவே வாங்கறாங்கக்கா" என்று நீ சொல்லும்போது எனக்கு ஒரு சுற்று பெருக்கும். ஏற்கனவே பெருத்தவளுக்கு அது வேறு.

நீ பொடி கரைக்கிற விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. முதலில் ஃபேனை நிறுத்துவாய். காற்றில் பொடி பறந்து காயப்போட்ட சிட்டத்தில் விழுந்தால் புள்ளி புள்ளியாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு புள்ளி விழுந்தாலும் அந்தச் சிட்டம் வீண். பிறகு ஜன்னலைச் சாத்துவாய். சிப்காட் ஆலைகளில் இருந்து வருகிற கரித்தூசி ஈர நூலில் படியக்கூடாது. கதவையும் சாத்துவாய். அப்புறம்தான் டப்பாவைத் திறப்பாய். அந்தச் சின்ன அறைக்குள் நீயும் பொடியும் மட்டும். ஊரிலேயே புள்ளி விழாத நூல் உன்னுடையது. அதை நானே பெருமையாக எழுதிப் போட்டிருக்கிறேன்.

பாஸ்கர் இரும்பை உருக்கி வார்க்கிற வார்ப்பாலையில் வேலை பார்க்கிறவர். அங்கே கொடுக்கிற மூக்குக் கவசங்களில் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதை நீ என்ன செய்வாய்? எலாஸ்டிக்கை மட்டும் வெட்டி எடுத்துச் சிட்டம் கட்டுவதற்கு வைத்துக்கொள்வாய். மிச்சத்தில் அடுப்பு மேடை துடைப்பாய். ஆலைக்குள் அவர் மூக்குக்கு அது தேவை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆலைச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். நம் சமையலறைச் சுவரில் யார் ஒட்டுவது?

இருமல் வந்தது. பிறகு மூச்சு விடும்போது உள்ளே விசில் அடித்தது. "அக்கா, என் நெஞ்சுக்குள்ள குக்கர் வெச்சிட்டாங்க" என்று சிரித்தாய். கும்மிடிப்பூண்டியில் டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். அவர் நல்ல மனிதர். ஒழுங்காகத்தான் கேட்டார்.

"என்ன வேலை பார்க்கறீங்கம்மா?"

"வேலைக்குலாம் போவல சார். ஊட்ல சொம்மாதான் கீறேன்."

"வீடு எந்தப் பக்கம்?"

"புதுவாயல் தாண்டி சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஓ, சிப்காட் காத்து. அதான். வெளியில அதிகம் போகாதீங்க. ஜன்னல் கதவெல்லாம் மூடி வைங்க."

அன்று காலை டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்னால் நீ என்னவெல்லாம் செய்துவிட்டு வந்தாய் கஸ்தூரி? பாஸ்கருக்குச் சோறு கட்டினாய். யமுனாவைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றினாய். பொடி கரைத்து, சோடா சேர்த்து, நாத்தனார் பச்சையை முக்கி வைத்தாய். பார்சல் கட்டினாய். இவ்வளவும் முடித்துக் கையை மஞ்சள் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, "சொம்மாதான் கீறேன்" என்றாய். பக்கத்தில் இருந்த எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. பாஸ்கர் வேலைக்குப் போகிறார். உன் மூத்தார் வேலைக்குப் போகிறார். நாம் இரண்டு பேரும் வீட்டில் இருக்கிறோம். நம் ஊரில் அந்த வாக்கியம் அப்படித்தானே முடியும்? "சொம்மா இருக்க போர் அடிக்குதுன்னு ஏதோ நூலு பண்ணிக்கினு கீது" என்றுதான் பாஸ்கரும் சொந்தக்காரர்களிடம் சொல்வார். அதுவும் பெருமையாகத்தான்.

நடுவில் திருவாலங்காட்டில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. சில நாள் அங்கேயே தங்கினோம். நீ இரவெல்லாம் மல்லாந்து படுத்துத் தூங்கினாய். ஒரு விசில் இல்லை. கோயில் குளத்துப் படிகளில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னை முந்தி ஏறினாய். அங்கேயும் வரிசை இல்லை.

"இந்த ஊரு காத்து இன்னா சொகமாக் கீதுக்கா! மூக்கு தொறந்துக்கிச்சி."

திரும்பி வந்து நீ சாய அறைக்குள் போன அன்றைக்கே சாயங்காலம் விசில் திரும்பி வந்தது. நாம் எல்லோரும் உட்கார்ந்து துப்பறிந்தோம். வேறென்ன, சிப்காட் காத்துதான். உன் மூத்தார் தீர்ப்பு எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

பாஸ்கர் அடுத்த லீவு நாளில் கனமான பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். சாய அறையில்தானே நீ நிறைய நேரம் இருக்கிறாய்? ஆகவே அந்த அறையின் ஜன்னலை ஓரம் விடாமல் ஒட்டினார். கதவுக்கு அடியில் கோணியைச் சுருட்டி வைத்தார். "இனிமே ஒரு கொசு கூட உள்ள பூராது, கஸ்தூரி" என்றார். நீ அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் உனக்கு நகை வாங்கித் தந்தபோதுகூட நீ அப்படிப் பார்த்து நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நீ இளைத்தாய். மாடிப்படி ஏறத் துணி பிழிகிற மாதிரி மூச்சைப் பிழிந்தாய். மருந்தை மாற்றினார்கள். நாம் ஜன்னலை மாற்றவில்லை.

அந்தக் காலையை நான் விரித்து எழுதப் போவதில்லை. பெரிய ஆர்டர், கதவு சாத்தியிருந்தது, உள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துக்கொண்டாய். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய், காற்றுதான் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நீ கனத்துவிட்டாய். அந்தக் கனம் என் தொடையில் இன்னும் இருக்கிறது.

காரியத்துக்கு வந்த அத்தனை பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். சிப்காட் காத்துதான் கொன்னுடுச்சி. அந்தக் காற்று நல்லது என்று நான் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. அது நம் கொடியில் காயும் துணியைக் கேட்டால் தெரியும். ஆனால் கையைக் காட்ட ஒரு புகைக்கூண்டு இருந்துவிட்டால் நாம் திரும்பி நம் அடுப்பங்கரையைப் பார்ப்பதே இல்லை.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். மனசைக் கெட்டியாக்கிக்கொள்.

யமுனா படிப்பை முடித்தாள். வேலைக்குக் கூப்பிட ஆலை வேன்கள் வாசல்வரை வருகின்றன. அவள் போகவில்லை. நீ போன துக்கம் ஆறுவதற்குள் உன் ராட்டைக்கு எண்ணெய் போட்டாள். உன் போனில் வந்து விழுந்த ஆர்டர்களுக்கு, நீ பதில் சொல்கிற மாதிரியே பதில் எழுதினாள். நீ செத்ததைப் பாதிப் பேருக்குச் சொல்லவே இல்லை. நானும் ஒத்துப்போனேன், பேர் வைத்துக்கொண்டிருந்தேன். ஃபேனை நிறுத்தினாள், கதவைச் சாத்தினாள், டப்பாவைத் திறந்தாள். உன் கை அப்படியே வந்திருக்கிறது என்று நாங்கள் பூரித்தோம். கை மட்டுமா வந்தது?

மழைக்காலத்தில் இருமினாள். சளியென்று கஷாயம் கொடுத்தேன். ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது கஸ்தூரி. விசில். கையில் இருந்த கீரையோடு அப்படியே எழுந்து நின்றுவிட்டேன்.

இந்தத் தடவை திருவள்ளூரில் ஒரு நெஞ்சு டாக்டரம்மாவிடம் போனோம். அந்தம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீ என்ன பண்றம்மா?"

"டிகிரி முடிச்சிட்டேன் மேடம். சும்மா வீட்லதான் இருக்கேன்."

குரல்கூட உன் குரல். டாக்டரம்மா எழுதக் குனிந்துவிட்டார்.

"எழுதாதீங்கம்மா!" என்று கத்திவிட்டேன். வெளியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பொய் சொல்றா. இவ சொம்மா இல்ல. சாயம் போடறா. காலைல இருந்து கதவ சாத்திக்கினு பொடி கலக்கறா. இவங்கம்மாவும் அதான் பண்ணிக்கினு இருந்தா."

"பெரியம்மா, இன்னா பெரியம்மா நீ" என்று யமுனா என் முந்தானையை இழுத்தாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் நீலம். "நெயில் பாலிஷ்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த மாதிரி பொடி? ஜன்னல் திறந்திருக்குமா? சாயங்காலம் ஜாஸ்தி ஆகுமா? வெளியூர் போனால் சரியாகிவிடுமா?

வெளியூர் போனால் சரியாகிவிடுமா என்று அவர் கேட்டபோது நான் திருவாலங்காட்டுக் குளத்துப் படியில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். இந்தச் சாயப் பொடி சிலருக்கு நெஞ்சில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருதடவை உடம்பு அதை விரோதியாக எடுத்துக்கொண்டால், அப்புறம் ஒரு சிட்டிகை பறந்தாலும் மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். ஆலைகளில் இதற்கென்று கவசம், காற்றை இழுக்கிற மிஷின் எல்லாம் வைக்க வேண்டும். இவள் இனிமேல் அந்த டப்பா இருக்கிற அறைக்குள் போகவே கூடாது. கவசம் போட்டுக்கொண்டாலும் கூடாது.

"அப்போ இவங்கம்மா?" என்று கேட்டேன்.

"பார்க்காம நான் எதுவும் சொல்லக்கூடாதும்மா." பேனா மூடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "யாராவது அவங்ககிட்ட வேலையைப் பத்திக் கேட்டாங்களா?"

கேட்டார்கள் டாக்டர். நாங்கள்தான் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். யமுனா என் தோளில் சாய்ந்து தூங்குவது போல நடித்தாள். கண்ணீர் என் ரவிக்கையை நனைத்தது.

பாஸ்கரிடம் நான்தான் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பாட்டுப் பையோடு நின்றபடியே கேட்டார். பையைக்கூட வைக்காமல் சாய அறைக்குப் போனார். பின்னாலேயே போனேன். அந்த ஜன்னல் பிளாஸ்டிக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நாந்தானே ஒட்டினேன் அண்ணி. காத்து பூராம ஓரம் ஓரமா தேச்சி தேச்சி ஒட்டினேன்."

"தம்பி, உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"கம்பெனில மாசாமாசம் நிக்க வெச்சி சொல்றான் அண்ணி, பொடி பறக்குற எடத்துல ஜன்னல தொறன்னு. எனக்குத் தெரியாதா?" சுவரில் முட்டிக்கொள்வாரோ என்று பயந்தேன். முட்டிக்கொள்ளவில்லை. "அது கம்பெனிக்குச் சொன்னதுன்னு நெனச்சிக்கினேன்" என்றார், குழந்தை மாதிரி.

அவர் கையில் இருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக் கீழே வைத்தேன்.

அறையைப் பூட்டினோம். சாவி என் இடுப்பில். அந்த இடுப்பில் ஒரு சாவியைத் தேடிக் கண்டுபிடிப்பது லேசில்லை என்ற தைரியம் எனக்கு. ஆனால் உன் மகள் உன் மகள்தானே.

ஜெய்னப் அக்கா மகள் கல்யாணத்துக்குச் சால்வை பின்ன உன் நீலத்தில் நூல் கேட்டிருந்தார். ஏரித்தண்ணி மாதிரி இருக்கும் என்று நீயே கலந்து காட்டியிருந்த நீலம். ஒரு காலையில் நான் நாஷ்டா வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது அறைக் கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. வேறொரு சாவி நீ எங்கே வைப்பாய் என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருந்தது. தட்டினேன். பதில் இல்லை. உன் மூத்தாரைக் கூப்பிட்டேன். அவர் தோளால் ஒரு இடி இடித்துக் கதவைத் திறந்தார். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள் உன் பெண். உதடும் நீலம், கையும் நீலம். எது சாயம், எது மூச்சில்லாத நீலம் என்று எனக்குத் தெரியவில்லையடி.

அதே ஆட்டோ ஸ்டாண்டு. அதே ரோடு. என் மடியில் இன்னொரு தலை. "கனக்காதடி, கனக்காதடி" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆட்டோக்காரப் பையனுக்குப் புரியவில்லை. "இன்னா ஆன்ட்டி, எடம் பத்தலியா?" என்றான்.

பிழைத்துவிட்டாள். உடனே சொல்லாமல் உன்னை இத்தனை வரி காக்க வைத்ததற்கு என்னைத் திட்டிக்கொள். மூக்கில் மருந்துப் புகை கட்டி, ஊசி போட்டு, இழுத்துப் பிடித்தார்கள். கண் திறந்ததும் நான் திட்ட ஆரம்பித்தேன். என்னிடம் வேறென்ன இருக்கிறது?

"நாலு சிட்டம் நூலுக்காவ சாவப் பாத்தியேடி! ஜெய்னப் அக்கா வேற நீலம் வாங்கிக்க மாட்டாங்களா?"

முகமூடிக்குள்ளிருந்து சொன்னாள். "நூலுக்காவ இல்ல பெரியம்மா. அந்த ரூம்ல தான் அம்மா வாசன கீது."

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் சொன்னது கொடூரம்தான். "அது உங்கம்மா வாசன இல்லடி. உங்கம்மாவத் தின்ன பொடியோட வாசன." அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்த அறைப் பக்கம் போகவில்லை.

ஜெய்னப் அக்கா பழவேற்காட்டில் இருந்து ஓடிவந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யமுனாவின் நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அல்லாவே, நான் கேட்ட நீலத்துக்கா இந்தப் புள்ள இம்மாம் பேஜாருல மாட்டணும்? எம்மவ சால்வ இல்லாமயே நிக்காஹ் பண்ணிக்குவா. எனக்கு நீலமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "கஸ்தூரி இப்படித்தான் போனாளா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன்.

பாஸ்கர் பிளாஸ்டிக்கைக் கிழித்தார். நகத்தாலேயே கிழித்தார். டப்பாக்களையெல்லாம் ஒரு டிரம்மில் அடைத்து மூடினார். சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை அவருக்கு, அது எந்த ஏரிக்குப் போகுமோ, எவன் வலையில் விழுமோ. ஆலையில் பாதுகாப்பு அதிகாரியிடம் போய், உங்கள் கழிவு வண்டியில் இதையும் ஏற்றிக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறார்.

"எந்தக் கம்பெனி வேஸ்ட்டுப்பா இது?"

"எங்க ஊட்டு வேஸ்ட்டு சார்."

அதிகாரி முதலில் சிரித்தாராம். பிறகு பாஸ்கரின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏற்றிக்கொள்ளச் சொன்னாராம்.

யமுனா இப்போது வீட்டின் முன்பக்கம் என் கூடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நூற்கிறாள். வெள்ளை நூல் மட்டும். பாதிப் பேர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இன்ஹேலர் எப்போதும் அவள் கைக்கு எட்டும் தூரத்தில். குளிர்காலத்தில் இன்னும் விசில் வருகிறது. முழுசாகப் போய்விடுமா என்று கேட்டேன். போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. உனக்குப் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

இன்னொன்று செய்தேன். நீ சேர்த்து வைத்திருந்தாயே, வீட்டில் சாயம் போடுகிற பெண்களின் வாட்ஸ்அப் குழு, அதில் பேசினேன். நீ இறந்ததை முதன்முதலாக அன்றுதான் சொன்னேன். எப்படி என்பதையும் சொன்னேன். நான் பேசினாலே சிரிப்புப் பொம்மை போடுகிறவர்கள் அவர்கள். அன்றைக்கு ஒரு பொம்மையும் வரவில்லை. எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று திரை காட்டியது.

மறுநாள் ஊத்துக்கோட்டையில் இருந்து ஒரு பெண் எனக்குத் தனியாகக் குரல் அனுப்பியிருந்தாள். பின்னணியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. "அக்கா, எனக்கும் அந்த மாரி சத்தம் வந்துக்கினு கீது. டஸ்ட்டு அலர்ஜின்னு மாத்தர குடுத்தாங்க. இன்னா வேல செய்றன்னு கேட்டாரு டாக்டரு. ஊட்ல சொம்மாதான் கீறேன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "எங்க ஊட்டுக்காரரு ஜன்னலுக்கு ஷீட்டு ஒட்டிக் குடுத்துக் கீறாருக்கா."

அப்புறம் அரக்கோணத்தில் இருந்து ஒருத்தி. பொன்னேரியில் இருந்து ஒருத்தி.

கஸ்தூரி, இத்தனை நாள் நான் ஊரைச் சிரிக்க வைத்து எழுதினேன். இந்தக் கடிதத்தை அவர்களுக்காகவும் எழுதுகிறேன். எந்த டாக்டரும் இனிமேல் கேட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொல்லித் தொலையுங்கள், பெண்களே. வெட்கப்படாமல், குழம்பு வைப்பதில் இருந்து பொடி கரைப்பதுவரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

உனக்கு என் வாக்கு இது. உன் மகளை அந்தப் பொடிக்கு நான் தரமாட்டேன். அவள் அழுதாலும், உன்மேல் சத்தியம் வைத்துக் கேட்டாலும், என்னோடு வாழ்நாளெல்லாம் பேசாமல் போனாலும் தரமாட்டேன். நாளைக் காலையில் ஊத்துக்கோட்டைப் பெண்ணைத் திருவள்ளூருக்குக் கூட்டிப் போகிறேன். பஸ்ஸில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டுதான் உட்காருவேன், அது வேறு விஷயம். டாக்டரம்மா பேனாவை எடுத்து "நீ என்ன பண்றம்மா?" என்று கேட்பார். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் பதில் சொல்லிவிடுவேன்.

உன் மகளுக்குப் பெரியம்மாவும்,
உனக்கு என்றென்றும் மூத்த ஓர்ப்படியுமான,
வசந்தா